சர்வருக்கும் உண்டு கணக்கு!

லேபில் நம் ப்ராஜெக்ட் ஒரு கம்ப்யூட்டரில் ஓடிவிட்டால் 'முடிஞ்சுது' என்று எழுந்துவிடுகிறோம். அதுவே நிஜ உபயோகத்துக்குப் போகும்போது, "எவ்வளவு டிஸ்க், எவ்வளவு ரேம், என்ன வேகம்?" என்று கேட்பார்கள். பதிலை நம் ஊரை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

புதுச்சேரி மின் துறையும் பவர்கிரிட் நிறுவனமும் சேர்ந்து 2012-ல் இங்கே ஸ்மார்ட் கிரிட் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் மத்திய மின் அமைச்சகத்தின் முன்னோடித் திட்டத்தில் சுமார் 34,000 இணைப்புகள் சேர்க்கப்பட்டன. அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். மற்றவை நாமே வைத்துக்கொள்ளும் அளவுகள்.

டிஸ்க்: 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்றால் மீட்டருக்கு நாளொன்றுக்கு 96. மொத்தம் 32,64,000. ஒரு ரீடிங் 100 பைட் என்றால் நாளுக்கு 326 எம்பி, வருஷத்துக்கு 119 ஜிபி. ஒரு டிஸ்க் கெட்டாலும் விவரம் போகாமலிருக்க 3 பிரதி: 357 ஜிபி. டிஸ்க் 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று வைத்தால் 510 ஜிபி வேண்டும்.

ரேம்: அடிக்கடி அலசுவது கடைசி ஒரு மாத விவரம்தான் என்றால் அதுவே 10 ஜிபி. ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் வேலைகளுக்கும் சேர்த்து 32 ஜிபி போட்டால் தாராளம்.

வேகம்: இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். சராசரி பார்த்தால் விநாடிக்கு 38 ரீடிங்தான். ஆனால் மீட்டர்கள் எல்லாம் கால் மணிக்கு ஒருமுறை ஒரே நிமிடத்தில் அனுப்பினால் விநாடிக்கு 567. அதாவது 15 மடங்கு!

இன்னொன்றும் இருக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் தகவல் தொடர்பு மட்டும் 6 மணி நேரம் அறுந்தது என்று வச்சுக்குங்க. மீட்டர்களில் தேங்கிய 8,16,000 ரீடிங்கும் லைன் வந்ததும் மொத்தமாக வந்து குவியும். விநாடிக்கு 38 மட்டுமே வாங்கும் சர்வர், புதிதாக வருவதை வாங்கவே சரியாகிவிடும். பாக்கி என்றைக்கும் தீராது. 567 வாங்கும் சர்வரோ அரை மணிக்குள் தீர்த்துவிடும். எந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்தது, எந்த டிரான்ஸ்பார்மர் திணறுகிறது என்று ஊழியர்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியதும் அந்த நேரத்தில்தானே!

ஆகவே சராசரியை நம்பாதீர்கள். நெருக்கடி நாளுக்குக் கணக்குப் போடுங்கள். மாதாந்திர ரிப்போர்ட் எடுக்கத் தனி சர்வர் வையுங்கள். ரீடிங் வாங்கும் சர்வரின் மேல் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். முடிவாக, போட்ட கணக்கை நம்பி வாங்கிவிடாமல், போலி ரீடிங்குகளை அதே வேகத்தில் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். பேப்பரும் கால்குலேட்டரும் போதும், இன்றே ஆரம்பிக்கலாம்!