வளவுல விழுற மழை எங்கே போகுது?

செட்டிநாட்டு வீடுன்னாலே எல்லாரும் ஒரே லிஸ்ட்டைத்தான் ஒப்பிப்பாங்க. பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. கானாடுகாத்தான் ராஜா அரண்மனை வாசல்ல செல்ஃபி எடுத்தவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிடுவாங்க. அதனால அதை விட்டுடுவோம். எனக்கு இருக்கிற கேள்வி வேற: வளவுல, அதாவது அந்த நடு முற்றத்துல, விழுற மழைத்தண்ணி எங்கே போகுது?

முதல்ல வீட்டோட லேஅவுட். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில். எல்லாக் கதவும் திறந்திருந்தா முன்னாடி நின்னே பின்தெருவைப் பார்க்கலாம். வெயிலில் முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்துக்கு நிழல்ல இருக்கிற காற்று உள்ளே வரும். புக்குல ஸ்டாக் எஃபெக்ட்னு படிக்கிறோமே, அதேதான். சுவர் நல்ல தடிமன் என்பதால் மதியச் சூடு உள்ளே வந்து சேரவே சாயங்காலம் ஆயிடும்.

முற்றத்தை வெச்சு வெயிலைச் சமாளிக்கிறது நம்ம ஊரு மட்டும் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. ஸ்பெயினில் கிரனாடா நகரத்தில் அல்ஹம்ப்ரானு ஒரு மூரிஷ் அரண்மனை இருக்கு. 13ஆம் நூற்றாண்டில் நஸ்ரித் சுல்தான்கள் கட்ட ஆரம்பிச்சது. அங்கேயும் வெளியே பார்த்தா வெறும் சுவர், அழகெல்லாம் உள்ளே முற்றத்தில். ஆனா அந்த முற்றங்களில் தண்ணீர் குளமாவோ நீரூற்றாவோ இருந்துட்டே இருக்கும். சிங்க முற்றத்தில் 12 கல் சிங்கங்களின் வாயிலிருந்து தண்ணி வரும். கோடை அங்கே வறண்டது, அதனால தண்ணீர் ஆவியாகும்போது பக்கத்துக் காற்று குளிர்ந்துடும். தாரோ ஆற்றை மேல்பக்கம் சில கிலோமீட்டர் தள்ளித் திருப்பி, பம்ப் எதுவும் இல்லாம, சரிவை மட்டும் நம்பி வாய்க்காலில் கொண்டுவந்திருக்காங்க.

நமக்கு அப்படி ஒரு ஆறு கிடையாது. கிடைக்கிறது மழை மட்டும்தான். அதனால வளவைச் சுத்தி நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியுது. ஒரு கணக்குப் போடுங்க. உள்பக்கம் சரியுற கூரை 200 சதுர மீட்டர்னு வெச்சுக்கலாம். ஒரு நாள் 20 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 4,000 லிட்டர். ஒரே வீட்டில், ஒரே நாளில்! அண்டாவிலும் தவலையிலும் பிடிச்சது போக மிச்சம் முற்றத்து வடிகாலில் இறங்கி, தெரு வாய்க்காலுக்கு வந்து, ஊரணிக்குப் போகும். ஊரணி நிறைஞ்சா சுத்துவட்டாரக் கிணறுகளில் தண்ணி ஏறும். அந்தக் கிணற்றில் இறைச்சுத்தான் வீட்டில் சமையல். ஆக வீடு, தெரு, ஊரணி, கிணறு எல்லாம் சேர்ந்து ஒரே சிஸ்டம். வீடு அதில் ஒரு பார்ட் மட்டும்தான்.

இங்கேதான் பிரச்சனை. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்ச பிறகு அங்கே தொழில் செஞ்ச நகரத்தார் குடும்பங்கள் பெரிய நஷ்டத்தோட திரும்பினாங்க. அடுத்தடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயிடுச்சு. வீடு மட்டும் அப்படியே பங்காளிகளுக்குப் பொதுவா நிக்குது. ஒரு ஓடு மாத்தணும்னாலும் எல்லாரும் சம்மதிக்கணும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் வடிகால் அடைச்சா யாருக்குத் தெரியும்? கடைசியில் இடிக்கிறாங்க. தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துடும். தேக்குத் தூணுக்கு விலை உண்டு. வாய்க்கால் சரிவுக்கு யாரு விலை போடுவா?

சில வீடுகள் ஹெரிடேஜ் ஹோட்டலா மாறி அழகா இருக்கு. இடிக்கிறதுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனா பக்கத்து நாலு வீடும் போய், தெரு வாய்க்கால் மேல சிமெண்ட் ரோடு உசந்துட்டா, அந்த ஒரு வீட்டுத் தண்ணி தெருவிலேயே தேங்கி நிக்கும்.

கிரனாடா விஷயத்தில் யுனெஸ்கோ 1984ல் அல்ஹம்ப்ராவைப் பட்டியலில் சேர்த்தது. எதிர் மலையில் இருக்கிற பழைய குடியிருப்பு அல்பைசின். குறுகலான சந்துகள், தெருவுக்குத் தெரு ஊருக்குப் பொதுவான நிலத்தடித் தண்ணித் தொட்டிகள். 1994ல் அதையும் சேர்த்தாங்க. அரண்மனைக்கு அப்புறம் ஊருக்கு அந்த அந்தஸ்து வர 10 வருஷம் ஆச்சு. செட்டிநாடு 2014லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கு. நல்லவேளை, நம்மாளுங்க தனி அரண்மனையா இல்லாம ஊர்த் தொகுப்பாவே விண்ணப்பிச்சிருக்காங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற சிவில் ஜூனியர்களுக்கு ஒண்ணு. ஒரு ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் எடுத்துட்டு ஒரே ஒரு தெருவுக்குப் போங்க. ஒவ்வொரு வீட்டு வடிகால் வாயிலிருந்தும் ஊரணி வரைக்கும் லெவல் எடுங்க. எங்கே சரிவு அறுந்திருக்குன்னு ஒரு வரைபடம் போட்டாலே பஞ்சாயத்துக்கு உபயோகமா இருக்கும். ஐப்பசி அடைமழை சமயம்தான் சரியான நேரம். லெவல் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி பாதி விடையைக் காட்டிடும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட முதல்ல பேசுங்க, எந்த வடிகால் எப்போ அடைச்சதுன்னு அவருக்குத்தான் தெரியும்.