பொட்டாசியம் சேனல் எதிர்ப்பொருள்: பழைய அறிக்கையை எவ்வாறு படிப்பது?

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பத்தினருள் சிலர், ‘வி.ஜி.கே.சி. எதிர்ப்பொருள் – பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துள்ளனர். “அப்படியானால் அம்மாவுக்கு மூளை அழற்சிதானா?” என்பதே அவர்களது முதல் கேள்வி. அந்த ஒரு வரியைக் கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ எங்களால் கூற இயலாது. அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

நரம்பு செல்லில் மின்துடிப்பு எழுந்தபின் அதனை மீண்டும் ஓய்வு நிலைக்குக் கொணரும் நுண்வாயில்களே பொட்டாசியம் சேனல்கள். இப்புரதம் செல்லில் எங்குள்ளது என்று அறிய, முயலிலோ சுண்டெலியிலோ உருவாக்கிய எதிர்ப்பொருளை ஆய்வாளர் பயன்படுத்துவர். ஒளிரும் சாயத்தின் துணையால் அது ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் தெரியும். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று குறிக்கப்பட்ட அது ஒரு கருவியே. நோயாளியின் உடல் தன் மூளைப் புரதத்தையே பகையெனக் கருதி உருவாக்கும் எதிர்ப்பொருள் வேறு.

பழைய சோதனை சற்று விந்தையானது. ஆப்பிரிக்க மாம்பா பாம்பின் நஞ்சிலுள்ள டெண்ட்ரோடாக்சினில் கதிரியக்க அயோடினை ஏற்றி, விலங்கு மூளைச் சாற்றிலுள்ள பொட்டாசியம் சேனலில் ஒட்டவைப்பர். நோயாளியின் சீரம் அதனைப் பற்றிப் படியவைத்தால் ‘பாசிட்டிவ்’. ஆனால் அச்சாற்றில் சேனல் தனித்திருப்பதில்லை. அண்டைப் புரதங்களோடு பிணைந்தே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் கைகோத்துச் செல்லும் குடும்பத்தில் யாரைப் பிடித்து இழுத்தாலும் மற்றவரும் உடன் வருவதைப் போன்றது இது.

2010-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஏஞ்சலா வின்சென்ட் குழுவினரும், தனியே ஜோசப் டால்மாவ் குழுவினரும் இதனைத் தெளிவாக்கினர். சேனலை மட்டும் உருவாக்கும் செல்களை வளர்த்தால், ஆய்வு எதிர்ப்பொருள் அதில் ஒட்டும். சேனல் அங்குள்ளது என்பதற்கு அதுவே சான்று. நோயாளிகளின் எதிர்ப்பொருளோ பெரும்பாலும் ஒட்டவில்லை. அது பற்றியவை எல்.ஜி.ஐ.1, காஸ்பர்2 என்னும் அண்டைப் புரதங்கள்.

ஆகவே இவ்விரண்டும் இல்லாத வெறும் ‘வி.ஜி.கே.சி. பாசிட்டிவ்’ முடிவை நோய்க்குச் சான்றாக நாங்கள் கொள்வதில்லை. அதனை மட்டும் நம்பித் தொடங்கிய நீண்டகால ஸ்டீராய்டு, சர்க்கரை நோயையும் எலும்புத் தேய்வையும் தரக்கூடும். மறுபுறம், எல்.ஜி.ஐ.1 நோயைத் தவறவிடுவதும் பெருந்தீங்கு. பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தோரில், முகமும் அதே பக்கக் கையும் ஓரிரு நொடிகள் வெட்டி இழுக்கும். ஒரே நாளில் பலமுறை நிகழும். ரத்தத்தில் சோடியம் குறையலாம். மறதியும் குழப்பமும் பின்தொடரும். வலிப்பு மாத்திரைகள் மட்டும் இதற்குப் பெரும்பாலும் போதுவதில்லை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவை பயன் தருகின்றன. தாமதித்தால் நினைவாற்றல் முழுமையாக மீளாமற் போகலாம்.

பழைய அறிக்கை உள்ளோர் அதனைக் கிழித்தெறிய வேண்டாம். மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். எல்.ஜி.ஐ.1, காஸ்பர்2 இரண்டும் தனித்தனியே பரிசோதிக்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கை வெட்டி இழுப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வந்தால், வாய்மொழி விவரத்தைவிட அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.