லோடு வண்டியில் கியர் முரண்டு பிடித்தால்

கீரைக்கட்டும் மல்லிகையும் காத்திருக்கும் சரக்கல்ல. திருமழிசை, வெள்ளவேடு, திருநின்றவூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோயம்பேட்டுக்குக் கிளம்பும் சிறு லோடு வண்டி விடியுமுன் போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை கைநழுவிவிடும். அந்த வண்டிதான் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் பத்தடிக்கு ஒரு முறை நின்று நின்று நகர்கிறது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே பாதி வழி கழிகிறது. ஆகவே கியர் கோளாறு முதலில் தலைகாட்டுவதும் இந்த மெது ஓட்டத்தில்தான். கியர் விழ மறுக்கும், கரகரவென்று அரைக்கும், விழுந்தாலும் வண்டி குலுங்கிக்கொண்டு கிளம்பும்.

இப்படி ஆனதும் பலர் நேரே ஒர்க்ஷாப்புக்குப் போய், கியர் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் வண்டி சில நாள் படுத்துவிடும். அந்த நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் வேறு. கோளாறோ பல சமயம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். பிரிக்குமுன் உழவர் தாமே பார்த்துக்கொள்ளக் கூடிய சில சோதனைகளை இங்கே காண்போம்.

எஞ்சினை நிறுத்திப் பாருங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். எஞ்சின் நிற்கும்போது இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் அரைத்தால் கிளட்ச் முழுவதுமாக விடுபடவில்லை என்று பொருள். எஞ்சின் நின்றிருந்தும் லீவர் இறுகினால், லீவரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளையோ இணைப்புக் கம்பிகளையோ முதலில் பார்க்க வேண்டும். சேறும் துருவும் ஏறி இவை இறுகுவது வயல் பக்கம் ஓடும் வண்டிகளில் சகஜம்.

கிளட்ச்தான் என்று உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ வளையம் கிடையாது. கிளட்ச் கொஞ்சம் ஒட்டினாலும் அது அரைத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்போது முதலில் காலடியைப் பாருங்கள். ரப்பர் விரிப்பின் மேல் மழைக்காலத்தில் போட்ட சாக்கு பெடலுக்குக் கீழே மடிந்து கிடக்கும். பெடல் அடிவரை போகாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நடப்பதுதான். அடுத்து, கேபிள் கிளட்சானால் பெடலின் வெற்று ஆட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். ஆயில் கிளட்சானால் டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தபின் கியர் ஒழுங்காக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இதற்கெல்லாம் கியர் பெட்டியைத் தொட வேண்டியதே இல்லை.

பெட்டிக்குள் தண்ணீர்

நம் வட்டாரத்துக்கென்றே உள்ள தொல்லை இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையின் மேற்குப் பகுதிகளில் நீர் தேங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023இல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. ஓடிச் சூடேறிய கியர் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. பெட்டியின் மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி அன்று ஒன்றும் சொல்லாது. மாதங்கள் கழிந்துதான் பேரிங் இரையும். இரண்டாம் கியர் அரைக்கும்.

ஆகவே பெட்டியின் அச்சுக்கு மேல் நீரில் ஓடிய வண்டிக்குக் கியர் ஆயிலையும் கிரவுன் ஆயிலையும் வடித்துப் பார்த்தே தீர வேண்டும். பால் விட்ட காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை முழுதும் வடித்து, புது ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்து மாற்றுவது நலம். வடித்த ஆயிலில் மெல்லிய பொன்னிறத் தூள் தெரிந்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்து வருகிறது. கையில் நெருடும் இரும்புத் துண்டு வந்தால் அப்போது பெட்டியைப் பிரிக்கத் தயங்க வேண்டாம்.

ஆயிலின் ரகமும் முக்கியம். கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்.5 ஆயிலையே, மிச்சம் இருக்கிறது என்று கியர் பெட்டிக்கும் ஊற்றிவிடுவார்கள். ஓடும் கியரின் வேகத்தைத் தன் உராய்வால் பிடித்துச் சமப்படுத்துவதே சின்க்ரோ வளையத்தின் வேலை. அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் அந்தப் பிடி கிடைக்காது, கியர் அரைக்கும். கைப்புத்தகம் ஜி.எல்.4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

கிளட்சும் ஆயிலும் சரியாக இருந்து, ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைத்தால், இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது. நெரிசலில் அதிகம் உழைப்பது அதுதான். அதுவரை பழைய லாரி ஓட்டிகளின் இரட்டைக் கிளட்ச் முறை கைகொடுக்கும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரை இறக்க வேண்டும். பூ சீசன் முடியும்வரை இப்படியே ஓட்டிவிடலாம்.

கியர் சரியாக விழுந்து, கிளம்பும்போது மட்டும் வண்டி குலுங்கினால் அது வேறு சங்கதி. கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். பாதிக் கிளட்சில் தேய்த்துத் தேய்த்துப் பிளைவீல் சூடாகியிருக்கலாம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கலாம். 'டக்' என்று ஓர் அடி மட்டும் கேட்டால் ஷாப்ட்டின் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். முக்கால் டன் ஏற்ற வேண்டிய குட்டி யானையில் ஒன்றே கால் டன் ஏற்றி, இரண்டாம் கியரில் கிளப்புகிறவர்கள் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. காரணம் அவர்களுக்கே தெரியும்.

ஆட்டோமேட்டிக் வண்டியானால்

இதுவரை சொன்னது கைக்கியர் வண்டிக்கு. 2019இலிருந்து இசுசூ வி-கிராஸ், 2022இலிருந்து டொயோட்டா ஹைலக்ஸ் என்று ஆட்டோமேட்டிக் பிக்கப்புகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே வண்டி என்று இவற்றை வாங்கியவர்கள் உண்டு. இவற்றில் மெது ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போதோ, நிற்கும்போதோ உதைப்பு தெரிந்தால் முதல் சந்தேகம் ஆயில்தான். ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஆயிலே கியரை மாற்றும் அழுத்தத்தைக் கொடுக்கிறது. மட்டம் குறைந்தாலும் உதைக்கும், கருகினாலும் உதைக்கும். பல பெட்டிகளுக்கு அளவுக் கோல் கிடையாது. ஆயிலைக் குறித்த சூட்டுக்குக் கொண்டுவந்து அடித்துளை வழியாக மட்டம் பார்க்க வேண்டும். ஆகவே இது தெரு மெக்கானிக் வேலையல்ல. கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் தான் கற்றுவைத்த அளவுகளை மறந்துவிடுவதால் சில நாள் உதைப்பு இருக்கும். ஓட்ட ஓட்டத் தணியும். நிற்கும்போது மட்டும் பின்னாலிருந்து ஓர் இடி வந்தால், ஷாப்ட்டின் நெளியும் இணைப்பில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லக் கேட்டபின்கூட இதைப் பார்க்கலாம்.

வழியில் நின்றுவிட்டால் ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி, சக்கரம் உருள இழுத்துவராதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் ஆயில் பம்பும் ஓடாது. உள்ளே சுழல்வதெல்லாம் எண்ணெயில்லாமல் தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் மீட்பு வண்டியைத்தான் அழைக்க வேண்டும்.