பிடிஎஃப் பிளானை கேட் கோப்பாக மாற்ற

கையில் இருப்பது பிடிஎஃப் பிளான் மட்டும்தான், அதில் ஒரு சுவரைத் தள்ளி வரைய வேண்டும் என்றால், முதலில் கோப்பைத் திறந்து 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் கூர்மையாகவே இருந்தால் சுலபமாக மாற்றலாம். ஓரம் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது ஸ்கேன் செய்த படம். அடியில் வைத்து மேலே புதிதாக வரைவதே நல்லது. தானாக மாற்றினால் ஒரே கோடு பல துண்டாகிவிடும், திருத்தவே நேரம் போய்விடும்.

கோடுகள் கூர்மையாக உள்ள பிளானை மாற்ற, ஆட்டோகேட் 2017 முதல் இன்செர்ட் பட்டியில் ‘பிடிஎஃப் இம்போர்ட்’ உண்டு. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் இலவச இங்க்ஸ்கேப்பில் திறந்து டிஎக்ஸ்எஃப் என்ற கேட் கோப்பாகச் சேமிக்கலாம்.

அடுத்து அளவு. இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பிளான் பெரும்பாலும் தாளின் அளவிலேயே வந்து உட்காரும். 10 அடி என்று குறித்த சுவர் ஒன்றைப் பார்த்து வைத்து, முழு பிளானையும் தேர்ந்து, ‘ஸ்கேல்’ கட்டளையில் ‘ரெஃபரன்ஸ்’ கொடுத்து, அந்தச் சுவரின் இரு முனைகளையும் தொட்டு 120 அங்குலம் என்று கொடுங்கள். பிறகு குறுக்கே ஓடும் இன்னொரு சுவரையும் அளந்து பார்ப்பது கட்டாயம். ஸ்கேனில் படம் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருக்கலாம்.

அளவு எண்கள் வெறும் எழுத்தாகவோ கோடாகவோதான் வரும். சுவரை நகர்த்தினால் அவை தானாக மாறாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.