இளநீர் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார். கிரியேட்டினின் 2.8; டயாலிசிஸ் இல்லை. சூடு தணிய இளநீரும், சாதா உப்புக்குப் பதில் இந்துப்பும் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: உலைச்சூட்டில் நிற்பவருக்கு இளநீர் அமுதம்தான். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அதன் பொட்டாசியம் தேங்கினால், இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் இவருக்கு இன்னும் ஆபத்து, அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குள். டிபன் பாக்ஸில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

பொட்டாசியம் கூடியிருந்தால், உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். 'சத்து போகுதே' என்று அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றும் கை நம் எல்லோருக்கும் உண்டு. ஊற்றாதீர்கள்.

பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் தேவை; ஒரு முட்டையில் 6 கிராம். சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு மாறும்.

தண்ணீரை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், குடம்குடமாகக் குடிக்கவும் வேண்டாம். உலை வேலை என்பதைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேளுங்கள். ஷிப்ட் முடிந்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், சிறுநீரகத்தைக் காக்க அதை இன்றே நிறுத்துங்கள்.