மூன்று வழிகள்

திருவள்ளூர்ப் புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள ஊர் மணவாள நகர். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை, 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. அக்காலத்தில் மாட்டு வண்டியா, புகைவண்டியா என்பதே வினா. இன்றோ மோட்டார், புகைவண்டி, வானூர்தி என வழிகள் மூன்றாகிவிட்டன. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் பெருகிவிட்டது.

மணவாள நகரில் வாழும் தொழிலாளி ஒருவர், நோயுற்ற தம் தாயாரைப் பெங்களூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது எனக் கொள்வோம். எவ்வழி செல்வது நன்று?

வானூர்தி ஒரு மணி நேரத்திற்குள் பெங்களூரை அடைந்துவிடும் என்று உறவினர் கூறுவர். அது விண்ணில் பறக்கும் நேரம் மட்டுமே. மீனம்பாக்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்குச் செல்ல ஒன்றரை மணி. சோதனைக்கும் காத்திருப்பிற்கும் மற்றும் ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டிகளைப் பெற அரை மணி. 2008ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெங்களூர் வானூர்தி நிலையமோ நகருக்கு வெகு தொலைவில், தேவனஹள்ளியில் உள்ளது. நகருக்குள் வர இன்னும் ஒன்றரை மணி. கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் ஆகின்றது!

மோட்டாரில் செல்வோர் திருப்பெரும்புதூர் சென்று பெருஞ்சாலையை அடையலாம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். இடையில் இளைப்பாறினால் அதற்கும் ஆறு மணிக்குக் குறையாது.

புகைவண்டியின் நிலை சற்று வேடிக்கையானது. 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் விரைவு வண்டி, சென்னையிலிருந்து பெங்களூருக்கு நான்கரை மணி நேரத்திற்குள் சென்றுவிடுகின்றது. ஆயினும் அது திருவள்ளூரில் நிற்பதில்லை. மேற்கே செல்ல விரும்புபவர் கிழக்கே 42 கிலோமீட்டர் சென்று, சென்னை சென்ட்ரலில் அவ்வண்டி ஏறி, மீண்டும் தம் ஊரைக் கடந்தே செல்ல வேண்டும்! இதற்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம். மின்சார வண்டியில் அரக்கோணம் சென்று, அங்கு நிற்கும் வேறொரு வண்டியைப் பிடித்தால் இவ்வீண் அலைச்சல் இல்லை.

காலக்கணக்கில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே என்றான பின், பிறவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயுற்ற மூதாட்டி எழுந்து நடக்கவும், கழிவறைக்குச் செல்லவும் புகைவண்டியில் இடமுண்டு. மகனும் சாலையை நோக்காமல் தாயை நோக்கலாம். சாலை விபத்துக்களில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இருப்புப்பாதையிலும் விபத்து நேர்வதுண்டு. 2024 அக்டோபரில் கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து வந்த விரைவு வண்டி நின்றிருந்த சரக்கு வண்டிமீது மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன, பலர் காயமுற்றனர். எனினும் உயிர்ச்சேதம் நேரவில்லை.

எரிபொருளிலும் வேற்றுமை பெரிது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆதலின் சிறிதளவு ஆற்றலால் பெரும்பாரத்தை இழுத்துச் செல்ல இயலுகின்றது. வானூர்தியோ மேலெழும்பும்போதுதான் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். குறுகிய பயணத்தில் எழுந்த சிறிது நேரத்திலேயே இறங்க வேண்டியிருத்தலால் அச்செலவிற்கேற்ற பயன் இல்லை. இது கருதியே பிரான்சு நாட்டில், இரண்டரை மணி நேரத்திற்குள் புகைவண்டியில் செல்லத்தக்க சில ஊர்களுக்கிடையே வானூர்திப் போக்குவரத்தை 2023ஆம் ஆண்டில் தடை செய்தனர்.

தொலைவு மிகுந்தால் கணக்கு மாறிவிடும். சென்னையிலிருந்து டில்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு விரைவு வண்டி ஓர் இரவும் ஒரு பகலும் கடந்த பின்னும் சென்றுகொண்டே இருக்கும். வானூர்தியோ மூன்று மணிக்குள் சேர்ந்துவிடும். அத்தாயாரை டில்லிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், மகன் மீனம்பாக்கத்திற்கே வண்டி அமர்த்த வேண்டும்.