ரேடியேட்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

அம்பாசடர் ஓடிய காலத்தில் மலை ஏறும் வண்டியின் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் கட்டாயம் இருக்கும். பாதி வழியில் பானெட்டைத் தூக்கி வைத்து, ஆறவிட்டு, ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். அந்த நினைப்பு இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. ரேடியேட்டர் என்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றும் இடம் என்றே பலர் இருக்கிறார்கள். இன்றைய அலுமினிய இஞ்சினுக்கு அது ஆகாது. கூலண்ட்தான் வேண்டும், அதையும் காலத்தில் மாற்ற வேண்டும். வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். கைவேலை ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் இஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருப்பது.

1. முதலில் உங்கள் கார் இதற்குத் தோதானதா என்று பாருங்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனிக் கூலண்ட் சுற்று உண்டு. அதில் கை வைக்க வேண்டாம். வாரண்டியில் உள்ள காரையும் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் தலையிலேயே மூடி உள்ள பழைய சின்ன பெட்ரோல் கார்தான் வீட்டு வேலைக்கு ஏற்றது.

2. பழைய வகைப் பச்சைக் கூலண்ட்டுக்குப் பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் கணக்கு. நீண்ட ஆயுள் வகை 5 ஆண்டுவரை தாங்கும். கார் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரிலும் கெடு போய்க்கொண்டேதான் இருக்கும். உள்ளே உள்ள துருத்தடுப்பு மருந்து நாளாக நாளாகத் தீர்ந்துபோகிறது.

3. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம். ஒவ்வாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்பு வலு குறையும், சில சமயம் கூழாகத் திரிந்து குழாயை அடைக்கும். கையேட்டில் உள்ள தர எண்ணைக் கேன் லேபிளோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

4. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: போர் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. குளியலறை கீசரிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. 5 லிட்டர் கேன் இரண்டோ மூன்றோ வாங்கிக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும்.

5. அகலமான பழைய பிளாஸ்டிக் டப், புனல், லிட்டர் அளவு போட்ட ஜக்கு, குறடு, கையுறை, பழைய துணி, காலி கேன்கள். கூடவே ஹோஸ் கிளாம்ப் இரண்டு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர்ஸ் கடை பூட்டியிருக்கும்.

6. விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லை. ரேடியேட்டரும் குக்கர்தான். மூடியின் அழுத்தத்தால் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் ஆவியாகிச் சீறி முகத்தில் அடிக்கும். வண்டி நின்று இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். குளிர்ந்து தொளதொளவென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது இன்னும் நல்லது.

7. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவி இல்லாமலே ஃபேன் சுழலத் தொடங்கும்.

8. வடிக்கும் திருகு ரேடியேட்டரின் கீழ் மூலையில் இருக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக், கை விரலால் மெதுவாகத் திருப்ப வேண்டியது. முதல் தடவை நான் வீரம் காட்டிக் குறடு போட்டு அதை இரண்டாக உடைத்தேன். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அன்று படித்ததுதான். திருகு அசையவே இல்லையா, விட்டுவிட்டுக் கீழ் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி வடியுங்கள். குபுக்கென்று கொட்டும், டப்பை முன்னாலேயே வைத்துவிடுங்கள். சின்ன ரிசர்வ் டப்பாவையும் காலி செய்து கழுவ வேண்டும். பழைய சகதி அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும். வடிந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

9. வடிந்ததைக் கொட்டுவதற்கு முன் நின்று பாருங்கள். செம்மண் நிறம் என்றால் துரு. இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பால் விட்ட காபிபோல எண்ணெயும் நீரும் கலந்து இருந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அங்கேயே வேலையை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புதுக் கூலண்ட் ஊற்றினால் காசுதான் நஷ்டம்.

10. அலசும்போது டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மூடியைப் போட்டு, பேட்டரி ஒயரை மாட்டி, ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி இஞ்சினை ஓட விடுங்கள். நம் ஊரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே ஊட்டிக்குப் போனால்தான் ஞாபகம் வரும். ஆனால் பல கார்களில் அதைத் திறக்காவிட்டால் அந்தச் சின்னக் குழாய்ச் சுருளுக்குள் உள்ள பழைய கூலண்ட் வெளியே வராது. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டர் பக்கமே போகாது. ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை பொறுத்து, அணைத்து, முழுதாக ஆறவிட்டு வடியுங்கள். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். வடிகிற நீர் தெளிந்தால் போதும். வாஷிங் சோடா, ஆசிட் வேண்டாம். அழுக்கோடு அலுமினியத்தையும் அவை தின்னும்.

11. பலர் சறுக்கும் இடம் இது. எவ்வளவு வடித்தாலும் இஞ்சின் உள்ளறைகளில் ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் தங்கிவிடலாம். காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர், வடிந்தது 2.75 லிட்டர் என்றால் 1.25 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளே இருக்கிறது. அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் ரெடிமேட் கூலண்ட்டை ஊற்றினால், பாதி இருக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதனால் அலசிய காருக்குக் கலக்காத கான்சன்ட்ரேட்டே நல்லது. கையேடு பாதிக்குப் பாதி கேட்டால் முதலில் 2 லிட்டர் கான்சன்ட்ரேட், மீதி இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். 1:3 என்றால் 1 லிட்டர் போதும். அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்பது தப்புக் கணக்கு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலண்ட் அதற்குக் காவல்.

12. நிரப்பும்போது காரின் மூக்கு சற்று மேடாக இருக்கட்டும். வாசல் சாய்தளமே உதவும். மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிடுங்கள். காற்றுக் குமிழ் கொப்பளித்து வெளிவரும். பிறகு, மூடியைத் திறந்தபடி கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, சூடேறி மேலே பொங்குமுன் மூடுங்கள். காற்று மாட்டிக்கொண்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் வரும், டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஏறி இறங்கும்.

13. கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், ருசியோ இனிப்பு. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும். சிறுநீரகம் பழுதாகிச் சாகும். உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள், குழந்தைக்கு அது சர்பத்தாகத்தான் தெரியும். வடித்ததையும் முதல் அலசல் நீரையும் சாக்கடையிலோ செடிக்கோ கொட்டாமல் கேனில் அடைத்து, கழிவைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய இஞ்சின் ஆயிலோடு மட்டும் கலக்க வேண்டாம்.

14. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரி டிரைவர்களின் பழைய வைத்தியம். நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியை ஊர் சேர்க்க உதவும், மறுப்பதற்கில்லை. ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும் என்பதால் வீட்டில் வேண்டாம்.

15. அடுத்த ஒரு வாரம் காலையில் வண்டி எடுக்கும் முன் ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கும். காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம், ஊற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் இறங்கினால் எங்கோ கசிகிறது: வடித்த திருகு, கழற்றிய கிளாம்ப், இந்த இரண்டையும் முதலில் தொட்டுப் பாருங்கள். காருக்குள் இனிப்பு வாடை வந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் ஹீட்டர் சுருளில் ஓட்டை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்த வாரம் திட்டம் போடாதீர்கள்.